கத்திரிக்கு முன் மீன் தொட்டி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்குக் கோடை ஆலோசனை

பங்குனி கடைசியிலேயே மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மத்தியானம் கையைச் சுடுகிறது. சித்திரையும் கத்திரியும் இனிமேல்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி பக்கம் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வைகாசி முடியும்வரை செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் இங்கே. பெருநகரங்களை மனதில் வைத்து எழுதிய கோடைக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் பொருந்தும். நம் காற்று வறண்டது. போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டு நடத்தினால் இந்தக் கரிசல் காட்டிலும் மீன் நன்றாகவே வாழும்.

இந்த வாரமே மீன்களை எண்ணுங்கள். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகும், 35 டிகிரியில் 7-க்கும் கீழே போகும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும், தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே வரும். மார்கழியில் இருபது மீன் நிம்மதியாக இருந்த தொட்டி சித்திரையில் இருபதைத் தாங்காது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மேலே கொஞ்சம் இடம் விட்டால் 45 லிட்டர் நிற்கும். அதற்குக் கோடையில் பத்துப் பன்னிரண்டு சின்ன மீன் போதும். மிச்சத்தை இன்னொரு தொட்டிக்கோ, இடம் இருக்கும் நண்பர் வீட்டுக்கோ இப்போதே மாற்றுங்கள். மீன் விடிகாலையில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் பற்றவில்லை என்று பொருள். இரவெல்லாம் பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். அதனால் ஏர் பம்பை இரவில் நிறுத்தாதீர்கள்.

சூட்டைத் தணிக்க நமக்கு வறண்ட காற்றே பெரிய உதவி. தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்தின் மேல் சாய்வாகக் காற்று படும்படி வையுங்கள். ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இதே ஃபேனைத் தூத்துக்குடியில் கடலோர வீட்டில் வைத்தால் இவ்வளவு பலன் இருக்காது, ஏனென்றால் அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. தொட்டியின் பின்கண்ணாடியில் நனைத்த சாக்கையோ பழைய வேட்டித் துணியையோ ஒட்டினாற்போல் தொங்கவிடலாம். மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் இடம் மாற்றுங்கள். அந்தச் சுவர் சாயங்காலம் ஏழு மணிக்கும் அனல் கக்கும். இடம் மாற்றும்போது முக்கால்வாசித் தண்ணீரை இறக்கிவிட்டே தூக்க வேண்டும். 45 லிட்டரோடு தூக்கினால் கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும்.

ஐஸ் கட்டியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். 34 டிகிரியிலிருந்து சட்டென்று 28-க்கு இறங்குவது மீனுக்கு 34-லேயே இருப்பதைவிடக் கெடுதல். மிகவும் தவிர்க்க முடியாத நாளில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து மூடியோடு மிதக்கவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், விலை அதிகமில்லை. விளக்கை ஐந்து மணி நேரத்துக்குக் குறையுங்கள், அதையும் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

அடுத்து தண்ணீர் மட்டம். கோடையில் நம்மவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1.8 லிட்டர் போயிருக்கிறது. ஃபேனும் ஓடும்போது நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் இறங்குவது சாதாரணம். பெரும்பாலான வீடுகளில் இதைப் போர் தண்ணீரால் நிரப்பிவிடுகிறார்கள். ஆவியாகப் போனது வெறும் தண்ணீர்தான். அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே நிற்கின்றன. டி.டி.எஸ். 1000 இருக்கும் போர் தண்ணீரை நாளுக்கு 700 மில்லி வீதம் ஒரு மாதம் ஊற்றுவதாக வையுங்கள். 21 லிட்டர். அதிலிருந்த 21 கிராம் உப்பு முழுவதும் 45 லிட்டரில் சேர்ந்து, 1000 இருந்த டி.டி.எஸ். ஏறத்தாழ 1470 ஆகிவிடும். கண்ணாடியின் மேல் ஓரத்தில் படியும் வெள்ளைக் கோடு இதற்குச் சாட்சி. மீன் ஏன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது என்று மருந்து தேடுவார்கள். நோய் எதுவும் இருக்காது. தண்ணீர் கெட்டியாகியிருக்கும்.

ஆகவே வற்றிய மட்டத்துக்கு ஈடாக ஊற்றுவது கேன் தண்ணீராகவோ வீட்டு ஆர்.ஓ. தண்ணீராகவோ இருக்கட்டும். நாளுக்கு ஒரு குடிநீர் பாட்டில் அளவுதான். வாரம் ஒருமுறை மாற்றும் தண்ணீர் மட்டும் வழக்கமாகத் தொட்டிக்கு ஊற்றும் அதே தண்ணீராக இருக்க வேண்டும். முழுவதும் ஆர்.ஓ. ஊற்றினாலும் தப்பு, முழுவதும் போர் ஊற்றினாலும் தப்பு. ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் தொட்டிக்கு வேண்டாம். முன்னதில் உப்பு திரண்டிருக்கும். பின்னதில் செம்புக் குழாயின் துளி இருக்கக்கூடும், செம்பு மீனுக்கு விஷம்.

கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடத்தை மீனுக்கென ஒதுக்கி வையுங்கள். பிளீச்சிங் பவுடர் வாடை இருந்தால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைச் சில சொட்டு விடலாம். எந்தத் தண்ணீரானாலும் முந்தின இரவே வீட்டுக்குள் பிடித்து வைத்து, காலையில் ஊற்றுங்கள். மத்தியானக் குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

நல்ல தண்ணீருக்கு நாள் எண்ணிக் காத்திருக்கும் ஊரில் மீன் தொட்டி தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரண்டடித் தொட்டிக்கு வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 9 லிட்டர், ஒரு குடத்துக்கும் குறைவு. அந்தக் கழிவுத் தண்ணீர் மல்லிகைக்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். அதில் மீன் கழிவின் நைட்ரேட் இருக்கிறது. ஒரு துளிகூட வீணில்லை. (கல் உப்போ மருந்தோ போட்ட தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.) ஆனால் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகல உயரத் தொட்டி 240 லிட்டர் குடிக்கும், வாரம் மூன்று குடம் மாற்ற வேண்டும். நம் வட்டாரத்தில் அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாப்பாட்டையும் பாதியாக்குங்கள். காலையில் ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை. மிஞ்சிய தீனியும் மீன் கழிவும் அழுகி அம்மோனியா ஆகின்றன. அதன் நஞ்சு தண்ணீரின் காரத்தைப் பொறுத்தது. பி.எச். 7 இருக்கும் மென்நீரில் அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியது. 8-இல் 25 டிகிரியில் சுமார் 5 சதவீதமும் 32 டிகிரியில் 8 சதவீதத்துக்கு மேலும் விஷமாக மாறுகிறது. வேறு ஊரில் தாங்கும் அழுக்கை நம் தொட்டி தாங்காது.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழியாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

மின்தடையை மறக்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நின்ற மின்சாரம் சாயங்காலம் வரை வராத நாள் கோடையிலும் வரும். அறிவிப்பு வந்தவுடன் முந்தின நாளே தண்ணீர் மாற்றிவிடுங்கள். அன்று தீனி போடாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை அதில் இணையுங்கள். சின்ன பம்பு ஐந்து வாட் கூட எடுக்காது. இல்லாதவர்கள் பவர் பேங்கில் ஓடும் யூ.எஸ்.பி. பம்பு ஒன்று வாங்கி வைக்கலாம். அதுவும் இல்லையா, கால் மணிக்கொரு தடவை ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்து முறை ஊற்றுங்கள். மூடிய பெட்டி ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி அலசிய பிறகே ஓடவிடுங்கள்.

எந்த மீன் வைப்பது? நம் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போனால் செலவும் சாவும்தான் மிஞ்சும். கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்களுக்குச் சுண்ணாம்புள்ள கடினநீர்தான் பிடிக்கும். மாலி ஓரளவு உப்பையும் தாங்கும். கௌராமியும் ஃபைட்டரும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை; சூட்டில் ஆக்சிஜன் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டும் அமேசான் காட்டு மென்நீரில் பிறந்தவை, இங்கே வேண்டாம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். கண்ணாடிக் கிண்ணத்தில் அதைப் போட்டு டிவி மேல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த வெயிலில் அது ஒவ்வொரு நாளும் மூச்சுக்குத் திணறித்தான் சாகிறது.

கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். தொட்டி நிறைந்துவிடும் என்பதால் ஆண் பெண்ணைப் பிரித்து வையுங்கள். தண்ணீர் சேர்த்து வைக்கும் சிமெண்டுத் தொட்டி வீட்டில் இருந்தால் நான்கைந்து கப்பியை அதில் விடலாம். டெங்கு கொசுவின் புழுக்களை அவை தின்றுவிடும்.

கண்மாயில் மட்டும் விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கும், அதிலிருந்து ஓடைக்கும், குண்டாற்றுக்கும் தண்ணீர் போகும் நாடு இது. ஓர் ஊர்க் கண்மாயில் விட்ட மீன் நல்ல மழை வருஷத்தில் பத்து ஊருக்குப் போய்ச் சேரும். கடையில் டேங்க் கிளீனர் என்று கொடுக்கும் கறுப்புச் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். தமிழகத்தின் பல நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். மண் கரையை நம்பி நிற்கும் கண்மாய்க்கு அது ஆகவே ஆகாது. முள் துடுப்பு வலையையும் கிழிக்கும். அந்த மீனை வாங்கவே வேண்டாம். பாசியைக் கையால் துடைத்தால் போகும்.

இன்னொரு பக்கம், வற்றும் கண்மாயிலிருந்து வீட்டுக்கு மீன் வரும் காலமும் இதுதான். மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாவோடு இறங்கும் பெரியவர்களின் பின்னால் போகும் பிள்ளைகள் டப்பாவில் அயிரையும் கெண்டைக் குஞ்சும் கொண்டுவருவார்கள். மகிழ்ச்சியோடு வரவேற்கலாம். அயிரை நம் மண்ணின் மீன், சூட்டுக்கும் பழகியது. அடியில் இரண்டு விரற்கடை நைசான மணல் போட்டால் புதைந்து புதைந்து விளையாடும். ஆனால் சேற்றுக் குட்டையிலிருந்து வந்தவற்றின் உடலில் ஒட்டுண்ணிகள் இருக்கும். மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்திருந்து பிறகு சேருங்கள். விரால் குஞ்சு வேண்டாம், மற்றதையெல்லாம் தின்றுவிடும். பனையேறிக்கெண்டை கிடைத்தால் வலை கட்டாமல் வைக்காதீர்கள். தரங்கம்பாடியில் பனைமரத்தில் அது ஏறியதைக் கண்டதாக டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் எழுதியது 1797-இல் அச்சானது. பனை ஏறுவதைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. தொட்டியிலிருந்து ஏறிக் குதித்து அது தரையில் நடப்பதில் விவாதமே இல்லை.

புதிதாகத் தொட்டி வைக்க நினைப்பவர்கள் கத்திரியில் மீன் வாங்காதீர்கள். மதுரைக் கடைகளுக்கு மீன் பல நேரம் சென்னை கொளத்தூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வருகிறது. மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் பஸ்ஸில் பகல் வெயிலில் பாலிதீன் பையில் கொண்டுவந்தால் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். இப்போது தொட்டியை மட்டும் தயார் செய்யுங்கள். கற்களின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்புக் கல், தண்ணீரை இன்னும் கடினமாக்கும், தள்ளிவிடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டு கேட்டு வாங்கி உள்ளே வைத்து, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஓடவிடுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் பாக்டீரியா குடியேறிவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் கரைசலில் பூஜ்யம் காட்டிய பிறகு மூன்று நான்கு மீனில் தொடங்குங்கள். மீன் வாங்க விடிகாலைப் பஸ்ஸில் போய், தெர்மோகோல் பெட்டியோடு வாருங்கள்.

வாயோரம் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகத் தெரிந்தால் அது கோடையில் பரவும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். அந்த மீனை உடனே பிரியுங்கள், கண்ட மருந்துகளைக் கலந்து ஊற்றாதீர்கள். தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி நமக்கு அதிக தூரமில்லை. சந்தேகமிருந்தால் அங்கே கேட்கலாம்.

கோடை மழை ஒன்றிரண்டு வரும். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். முதல் மழையின் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். மாதக்கணக்கில் மாடியில் படிந்த தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். இரண்டாவது மழையில் மேல்மாடித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி மூடிய டிரம்மில் சேர்த்து வையுங்கள். ஈடு ஊற்றக் கேன் தண்ணீரை விட நல்லது, காசும் மிச்சம்.