குளத்து மீன்குஞ்சும் கோடை வெப்பமும்

ஊராட்சிக் குளத்தில் மீன் வளர்த்தல் கிராமத்திற்கு வருவாயும் மக்களுக்குச் சத்துணவும் தருவதாகும் என்பதை ஊராட்சி அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆயினும், விட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாத நண்பகலில், நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் குஞ்சுகள் குளத்தில் விடப்பெற்றன. நாமும் கரையில் நின்று மகிழ்ந்தோம். மறுநாள் விடியலில் பெரும்பாலானவை செத்து மிதந்தன. "சாயக் கழிவுதான் காரணம்" என்றனர் ஊரார். விசாரித்ததில், அக்குளத்திற்குச் சாயநீர் வர வழியே இல்லை எனத் தெரிந்தது. குற்றம் வெயிலிலும், ஊர்ச் சாக்கடையிலும், நமது அவசரத்திலும் இருந்தது.

உஷ்ணமும் பிராணவாயுவும்

நீர் சூடேறினால் மீனின் உடலும் சூடேறும். அதற்கு வேண்டிய பிராணவாயுவும் மிகும். ஆனால் நீர் சூடாக ஆக, அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராமே கரையும். செலவு கூடும்போது வரவு குறையும் குடும்பத்தின் நிலைதான் இது. சாக்கடை கலந்த குளத்தில் பாசி பெருகும். பகலில் பிராணவாயுவைத் தரும் அப்பாசியே இரவில் அதை உண்டுவிடும். எனவேதான் விடியற்காலையில் மீன்கள் மடிகின்றன. உலகின் சராசரி வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட இன்று 1 டிகிரிக்கு மேல் உயர்ந்துள்ளமையால், ஆழமற்ற நம் குளங்களில் இத்தொல்லை வளரவே செய்யும்.

உப்பின் தீங்கு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கதையை நாம் மறப்பதற்கில்லை. பாசனத்திற்கென 1992இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் இடமாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எய்தாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற மிகுதியான உப்பு தேவை. நீரில் உப்பு மிகுந்தால், செதிலும் செவுளும் முற்றாத குஞ்சு, தன் உடலின் நீரையும் உப்பையும் சமன் செய்யவே வலிமையை இழக்கிறது. வளர்ந்த மீன் தாங்குவதைக் குஞ்சு தாங்காது. வெப்பமும் உப்பும் சேர்ந்துவிட்டால் துன்பம் இருமடங்காகும்.

நாம் செய்ய வேண்டுவன

1. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பியபின், காலையிலோ மாலையிலோ குஞ்சுகளை விடுக.

2. குஞ்சுப் பையை 15 முதல் 20 நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பின்னரே திறந்துவிடுக.

3. முன்னதாக, ஐம்பது குஞ்சுகளை வலைத்தொட்டியில் இட்டு ஒரு நாள் குளத்திலேயே வைத்துப் பார்க்க. அவை மடிந்தால் மற்றவற்றை விடற்க. நீரைச் சோதனைக்கு அனுப்புக.

4. சாக்கடையைக் குளத்தில் விடாது திருப்புக. கோடையில் வண்டலை அகற்றி ஆழப்படுத்துக.

5. விடியலில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால், தீவனத்தையும் எருவையும் நிறுத்தி, பம்பு வைத்துக் குளத்து நீரையே பீய்ச்சியடிக்க.

விட்டவுடன் மடிந்தால் வெப்பத்தையோ உப்பையோ ஐயுறுக; விடியலில் மடிந்தால் பிராணவாயுக் குறைவை ஐயுறுக. சாயநீர் வரும் ஐயம் இருப்பின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே தெரிவித்து, நீர் மாதிரியையும் எடுத்து வைக்க.

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நீரில் உயிர் இருந்தால்தான் கரைக்குப் பறவை வரும். நம் ஊர்க் குளத்திலும் அவ்வுயிரைக் காப்பது, காரணத்தை ஆராயாது பிறரைக் குறைகூறுவதால் இயலாது. அடுத்த முறை குஞ்சு விடுமுன் நீரைப் பார்ப்பதால் இயலும்.