பகாங்கில் ஒரு பல், கைப்பேசியில் ஒரு படம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

கிள்ளானில் ஐந்தாம் படிவம் பயிலும் அன்பு மாணவிக்கு,

மலேசியாவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட டைனோசர் எச்சம் ஒரு பல். அதன் நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர். மலாயாப் பல்கலைக்கழக நிலவியலாளர் மசாதோஷி சோனேயும், ஜப்பானின் வாசேடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரென் ஹிராயாமாவும் அடங்கிய குழு 2012-இல் தேடலைத் தொடங்கியது. பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் கிடைத்த அந்தப் பல்லைப் பற்றிய அறிவிப்பு 2014 பிப்ரவரியில் வெளியானது. கூம்பு வடிவமும் மேலிருந்து கீழாக ஓடும் வரிகளும் அதை மீன் தின்னும் ஸ்பைனோசாரிட் குடும்பத்தோடு சேர்த்தன. அதே ஆண்டின் இறுதியில், தாவரம் தின்னும் ஆர்னித்திஸ்கியன் பிரிவைச் சேர்ந்த வேறொரு பல்லும் அறிவிக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டியில் நான்காவது நிலையம்தான்.

டைனோசரைத் தேடிப் பத்துமலைக்குப் போவதில் பயனில்லை. கோலாலம்பூரைத் தாங்கி நிற்கும் சுண்ணாம்புப் பாறை சிலூரியன் காலத்தது. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது கடலடியில் படிந்துவிட்டது. கிள்ளானின் மண்ணோ ஆறும் கடலும் அண்மைக் காலத்தில் கொண்டுவந்து போட்ட வண்டல். பகாங்கில் ஆறுகளும் ஏரிகளும் விட்டுச்சென்ற கிரெட்டேசியஸ் காலப் படிவுகள் இருப்பதால்தான் அங்கே பல் கிடைத்தது. எந்தப் பாறையில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்போடு சேரும்போதே ஒரு பல் அறிவியல் சான்றாகிறது. அந்தக் குறிப்பு தொலைந்தால் மிஞ்சுவது அழகான ஒரு கல் மட்டுமே.

குறிப்பு மிஞ்சி எலும்பு தொலைந்த கதைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் அந்த விலங்குக்கு புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. அர்ஜென்டினாவின் பூதமான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர்தான். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி நொறுங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன. 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சில கோட்டுப்படங்கள் மட்டுமே இருந்தன. முதலில் அதை ஊன் தின்னி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். எலும்பே அல்ல, கல்லான மரம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. அந்நாளில் எடுத்த புகைப்படங்களைச் சேர்த்து அய்யாசாமியும் சௌரப் பாலும் 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்ட பிறகே பேச்சு மீண்டும் உயிர்பெற்றது. நொறுங்கும் எலும்பை மழை கொண்டுபோனதில் வியப்பில்லை. நல்ல ஒளியில், அளவுகோல் வைத்து, நாலு பக்கமும் எடுத்த படங்கள் அன்றே அச்சேறியிருந்தால் முப்பத்தைந்து ஆண்டுக் குழப்பம் பெருமளவு குறைந்திருக்கும்.

பகாங் பல்லின் உறவினரான ஸ்பைனோசாரஸின் கதை இதற்கு நேர்மாறானது. எகிப்தின் பகாரியா பாலைவனச் சோலையில் கிடைத்த எலும்புகளை எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915-இல் விவரித்தார். 1944 ஏப்ரல் இறுதியில் மியூனிக் மீது குண்டு விழுந்தபோது அருங்காட்சியகத்தோடு அவை எரிந்தன. ஆயினும் ஸ்ட்ரோமர் ஒவ்வோர் எலும்பையும் அளந்து, துல்லியமாக வரைந்து அச்சிட்டிருந்தார். மூல எலும்புகள் எரிந்துபோன அந்த விலங்கைப் பற்றி அறிஞர்கள் எழுபது ஆண்டுகள் பேச முடிந்தது அந்த உழைப்பால்தான். 2014-இல் மொராக்கோ எலும்புக்கூடு ஒன்றை நிசார் இப்ராகிம் குழு வெளியிட்டபோதும் ஒப்பிட்டுப் பார்க்கக் கைகொடுத்தவை ஸ்ட்ரோமரின் படங்களே.

அச்சில் முடங்கிக் கிடக்கும் இத்தகைய அளவுகளை எல்லாருக்கும் எட்டச் செய்வது தனி வேலை. அதில் தன்னார்வலர்கள் நுழைந்தார்கள். 2009-இல் ஆண்ட்ரூ ஃபார்க், மேத்யூ வெடல், மைக் டெய்லர் மூவரும் 'திறந்த டைனோசர் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். டெய்லரின் பிழைப்புத் தொழில் கணினி நிரலாக்கம் என்பது குறிப்பிடத்தக்கது. ஆர்னித்திஸ்கியன் டைனோசர்களின் கால் எலும்பு அளவுகளை, வெளியான ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒரே அட்டவணையில் சேர்ப்பதே திட்டம். இரண்டு காலில் நடந்த மூதாதையரிலிருந்து நாலு காலில் நடக்கும் வகைகள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு அந்த எண்கள் தேவைப்பட்டன. பட்டம் கேட்கவில்லை, பள்ளி மாணவரும் சேர முடிந்தது. ஒரே ஒரு கட்டாயம்: ஒவ்வோர் எண்ணோடும் அது எந்தக் கட்டுரையில் இருந்தது, எந்த மாதிரியின் எலும்பு என்பதையும் எழுத வேண்டியிருந்தது. மூலம் சொல்லாத எண் அட்டவணையைக் கெடுக்கும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் நெறி இதுவே. சான்று இல்லாத வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறி விழும். ஆங்கில விக்கிப்பீடியாவில் டைனோசர் பக்கங்களைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். ஓவியர் வரைந்த டைனோசர் படத்தை எலும்பு ஆய்வுகளோடு ஒப்பிட்டு, கை திரும்பியிருக்கும் கோணம் தவறு, வால் குட்டை என்று திருத்தச் சொன்ன பிறகே பக்கத்தில் சேர்க்கிறார்கள். சம்பளமில்லாத இந்தக் கண்டிப்பு பல பாடநூல் படங்களுக்குக் கிடைப்பதில்லை.

இனி கணினித் தடயவியல். எச்சத்தைப் படிப்பதில் அதுவும் புதைபடிவ ஆய்வின் உடன்பிறப்புதான். பழைய வன்தட்டிலோ கேமரா நினைவட்டையிலோ ஒரு படத்தை அழிக்கும்போது, உள்ளே இருக்கும் தரவு உடனே மறைவதில்லை. அந்த இடம் காலி என்று கோப்புப் பட்டியலில் குறிக்கப்படுகிறது, அவ்வளவே. வேறு கோப்பு வந்து அதன்மேல் எழுதும்வரை படம் அங்கேயே கிடக்கிறது. அதனால்தான் தவறி அழித்தவர் அந்த அட்டையில் மேலும் படம் எடுக்காமல் உடனே கழற்றி வைக்க வேண்டும்.

அப்படிக் கிடப்பதைத் தோண்டும் கருவிகளின் வளர்ச்சி, பெரும்பாலும் இலவசமாகப் பகிரப்பட்ட நிரல்களின் கதை. டேன் ஃபார்மரும் வீட்சே வெனெமாவும் 2000-இல் 'தி கரோனர்ஸ் டூல்கிட்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதன்மேல் பிரையன் கேரியர் 'ஸ்லூத் கிட்' உருவாக்கினார். அதற்கு முகப்பாக வந்த 'ஆட்டாப்சி' இன்று பல நாடுகளில் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. பட்டியல் முற்றிலும் சிதைந்த வட்டிலிருந்து கோப்பை மீட்க 'ஃபோர்மோஸ்ட்', 'ஃபோட்டோரெக்' போன்றவை வந்தன. ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 என்ற பைட்டுகளில் தொடங்கி எஃப்எஃப் டி9 என்பதில் முடியும். பல்லின் வரியைப் பார்த்து விலங்கின் குடும்பத்தைச் சொல்வதுபோல, இந்தத் தலையையும் வாலையும் பார்த்துக் கோப்பின் இனத்தை இக்கருவிகள் கண்டுகொள்கின்றன. தொடக்கத்தில் இவை ஒரே தொடராகக் கிடந்த கோப்புகளை மட்டுமே மீட்டன. படம் மூன்று துண்டாகச் சிதறியிருந்தால் குப்பையும் கலந்து வரும். டிஎஃப்ஆர்டபிள்யூஎஸ் என்ற ஆய்வு மாநாடு 2006-இல் துண்டுபட்ட கோப்புகளை மீட்கும் சவாலை வெளியிட்ட பிறகு, சிதறல்களைப் பொருத்திப் பார்க்கும் முறைகள் வேகமாக வளர்ந்தன.

மீட்பதைவிட முக்கியமானது கெடாமல் படியெடுப்பது. ஆய்வாளர் அசல் வட்டில் வேலை செய்யக் கூடாது. கணினியில் வெறுமனே செருகினாலே இயங்குதளம் சில இடங்களில் எழுதிவிடும். அதைத் தடுக்க ரைட் பிளாக்கர் என்ற கருவி இடையில் நிற்கிறது; படிக்கவிடும், எழுதவிடாது. பிறகு காலி இடம் உட்பட வட்டின் ஒவ்வொரு பிட்டும் படியெடுக்கப்படுகிறது. அசலுக்கும் நகலுக்கும் ஹேஷ் எண் கணக்கிடப்படுகிறது. ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும் கைரேகை அது. முன்பு எம்டி5 முறை போதும் என்றிருந்தது. இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரவைக்க முடியும் என்று 2004-இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழு காட்டியது. ஷா-1 முறைக்கும் 2017-இல் அதே கதி. எனவே இன்று 64 எழுத்துகளில் எழுதப்படும் ஷா-256 பரவலாக உள்ளது.

கருவிகள் கூர்மையாக வளர, தோண்டும் நிலமும் மாறிவிட்டது. எஸ்எஸ்டி வட்டுகள் டிரிம் என்ற கட்டளையால் காலி இடத்தைத் தாமே துடைத்துவிடுகின்றன. இன்றைய கைப்பேசியில் கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன; அழிக்கும்போது திறவுகோலும் போய்விட்டால், மிச்சமிருக்கும் பைட்டுகளிலிருந்து எதையும் படிக்க முடியாது. எனவே கவனம் வேறு இடங்களுக்குத் திரும்பியது: ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்திலிருந்து எடுத்து வைத்த நகலை ஆராயும் 'வொலட்டிலிட்டி', செயலிகள் வைத்திருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளங்களில் தங்கிய பழைய வரிசைகளைத் தேடும் கருவிகள். அழிந்த கோப்பை மீட்டுத் தருவேன் என்று உறுதி கூறும் கடைகளை நம்பிப் பணம் கட்டுமுன் இந்த மாற்றத்தை நினைவில் வைப்பது நல்லது.

நேரம் இன்னொரு கண்ணி. என்டிஎஃப்எஸ் வட்டு உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நினைவட்டைகளில் வழக்கமான ஃபேட் முறை உள்ளூர் நேரத்தில் எழுதுகிறது. மலேசியா எட்டு மணி முன்னே இருப்பதால், செவ்வாய் காலை 7 மணிக்கு எடுத்த படம் கவனக்குறைவான ஆய்வறிக்கையில் திங்கள் இரவு 11 மணி என்று பதிவாகலாம். ஒருவர் எந்த நாளில் எங்கிருந்தார் என்பதே வழக்காக இருக்கும்போது இந்தப் பிழை அவருடைய விடுதலையைப் பறிக்கும்.

நீதிமன்றம் இவற்றை எப்படி ஏற்கிறது? மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 90ஏ பிரிவு 1993-இல் சேர்க்கப்பட்டது. கணினி தன் வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணத்தைச் சான்றாக ஏற்க அது வழிசெய்கிறது. சைபர்ஜெயாவில் இயங்கும் சைபர்செக்யூரிட்டி மலேசியா நிறுவனத்தின் தடயவியல் பிரிவு விசாரணை அமைப்புகளுக்கு உதவுகிறது. ஒரு கைப்பேசி எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எந்த நேரத்தில், எந்த உறையில் போனது என்ற பதிவில் ஓர் இடைவெளி விழுந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். அவர் அப்படிச் செய்வதுதான் முறை.

இரண்டு துறைகளும் சந்திக்கும் இடம், மலையேறப் போனவர் பாறையில் எதையோ கண்டு எடுக்கும் புகைப்படம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருக்கப்படுகிறது. படத்தினுள் பதிந்த இடக்குறிப்பும் கேமரா விவரமும் உதிர்ந்துவிடுகின்றன. எலும்பை அடுக்கிலிருந்து பெயர்த்தெடுப்பதற்கு நிகரான சேதம் இது. அதையே 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அதே வேளை, இடக்குறிப்போடு கூடிய அசலைப் பொதுவில் பரப்பினால் கல் விற்பவர்கள் முதலில் வந்து சேர்வார்கள். பிரேசில் ஸ்பைனோசாரிட்டான இரிட்டேட்டருக்கு நேர்ந்தது அது. விலை கூட்டுவதற்காக அதன் மண்டையோட்டு மூக்கைச் சாந்து பூசி நீட்டியிருந்தார்கள். 1996-இல் அதை விவரித்த ஆய்வாளர்கள் தங்கள் எரிச்சலையே அதற்குப் பெயராக வைத்தார்கள். எனவே அசல் கோப்பு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் போக வேண்டும்; இடக்குறிப்பு நீக்கிய நகல் நண்பர்களுக்குப் போகலாம்.

பகாங், திரங்கானு பக்கம் பள்ளிச் சுற்றுலா போகும் மாணவி சிவந்த மணற்பாறையில் வழக்கத்துக்கு மாறான வடிவம் எதையும் கண்டால் தொடாமல் விட வேண்டும். பக்கத்தில் ஐம்பது சென் நாணயம் ஒன்றை வைத்து, அருகிலிருந்து ஒன்றும் தூரத்திலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, நாளையும் இடத்தையும் நோட்டில் எழுதி, மலாயாப் பல்கலைக்கழக நிலவியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த நாட்டில் தேடல் தொடங்கி இன்னும் இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அன்புடன்.