கை பின்னட்டும், கண் ஆட்களில் இருக்கட்டும்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினோம். அடுத்த நாள் பின்னேரம் ஐந்தரைக்கே ஸ்காபரோ முழுக்க இருட்டு. கோடையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருமகள் யன்னலடியில் நின்று, “மாமி, இனி இப்பிடித்தானோ?” என்றாள். “டிசம்பர் வரட்டும், இன்னும் மோசம்” என்று சொல்லி நூல்கூடையை அவள் மடியில் வைத்தேன். பேத்தியும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். அவர்களுக்குச் சொல்லத் தொடங்கியதுதான் இது. 1987இல் கனடாவில் வந்து இறங்கிய எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. எல்லாவற்றையும் பிழைவிட்டே படித்தேன்.

1. முதலில் இருக்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். டிசம்பர் நடுவில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்தான். ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கவே சூரியன் போய்விடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரவும் இருட்டவும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்தினால், ஏப்ரல் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் காணமாட்டீர்கள். ஒரு நல்ல விளக்கு, அதற்குக் கீழே ஒரு கதிரை, பக்கத்தில் கூடை, எல்லாம் ஆட்கள் நடமாடும் அறையில் இருக்கட்டும். பின்னலைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது.

2. முதல் நூல் நடுத்தரத் தடிப்பில், இளம் நிறத்தில் இருக்கவேண்டும். கறுப்பும் கடும் நீலமும் அழகுதான். ஆனால் மின்விளக்கில் கண்ணி தெரியாது. மினுமினுக்கும் மயிர்நூலும் வேண்டாம், பிழைவிட்டால் பிரிக்க முடியாது. ஊசி மூங்கிலில் வாங்குங்கள். இரும்பூசியில் கண்ணி வழுக்கி ஓடும்.

ஊசியின் நம்பரை நம்பாதீர்கள், மில்லிமீற்றரைப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் வாங்கிய 8ஆம் நம்பர் ஊசிகளை ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். இங்கே கிடைத்த அமெரிக்கப் புத்தகத்தில் ஆண்களுக்கான சுவெட்டர் ஒன்றுக்கு “8ஆம் நம்பர் ஊசி” என்று போட்டிருந்தது. பிறகென்ன, தொடங்கிவிட்டேன். ஆங்கிலேயர் கணக்கில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கர் கணக்கில் தடிக்கும். என்னுடைய 8 நாலு மில்லிமீற்றர், அவர்களுடைய 8 ஐந்து மில்லிமீற்றர். பத்து சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி நிற்கவேண்டிய இடத்தில் எனக்கு 22 நின்றது. 108 சென்ரிமீற்றர் சுற்றளவு வரவேண்டிய சுவெட்டர் 88இல் முடிந்தது. என் கணவருக்கென்று இரண்டு மாதம் பின்னியதை, பத்தாம் வகுப்பில் படித்த மகன் போட்டுக்கொண்டு போனான்.

அதனால்தான் சொல்கிறேன், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம் ஒன்றை முதலில் பின்னி, அடிமட்டம் வைத்து எண்ணுங்கள். ஒரு மாலைநேரம் வீணாகிறதே என்று புதியவர்கள் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு வீணானது இரண்டு மாதம்.

3. முதல் வேலை கழுத்துத்துண்டு. முப்பது கண்ணி ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேர்ப்பின்னலாகப் போய்க்கொண்டே இருங்கள். வேறு வடிவம் ஒன்றும் வேண்டாம். இந்தப் பின்னல் ஓரத்தில் சுருளாது, இரண்டு முகமும் ஒரே மாதிரி. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது: இதைப் பாராமலே பின்னலாம். விரல் கண்ணியைத் தடவிக் கண்டுபிடித்துவிடும். ஐந்தாறு நாள் பார்த்துப் பின்னுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை எடுத்துப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில், வீட்டாரின் கதையில், யன்னலுக்கு வெளியே விழும் ஸ்னோவில் வையுங்கள்.

2013 டிசம்பர் 22, ஞாயிறு. விடியப்புறம் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, மரக்கிளைகள் கண்ணாடி பூசியதுபோலப் பாரம் தாங்காமல் மின்கம்பிகளில் முறிந்து விழுந்தன. ரொறன்ரோவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. எங்களுக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. சூடாக்கி இல்லை, லிஃப்ட் இல்லை, தொலைக்காட்சி இல்லை. எட்டுப் பேரும் ஒரே அறையில் கம்பளிக்குள் கிடந்தோம். மெழுகுதிரியும் தீர்ந்த பிறகு நான் இருட்டிலேயே பின்னிக்கொண்டிருந்தேன். ஊசிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் பயமாக இருக்கவில்லை என்று சின்னப் பேரன் பிறகு சொன்னான். அன்றைக்கு நான் சொன்ன கதைகளில் பாதி, அவன் தகப்பன்கூட முன்னர் கேட்டிராதவை.

(ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காஸ் அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர்காயவும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.)

4. கண்ணி நழுவினால் பதறவேண்டாம். குறோசே ஊசியால் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றலாம். பத்து வரிசை தாண்டித்தான் கண்டீர்கள் என்றால், பிரியுங்கள். அல்லது அப்படியே விடுங்கள். பேத்தியின் முதல் துண்டில் ஏழு ஓட்டை, அவள் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

5. இனிக் குசினி. ஊரில் போறணை என்றால் பேக்கரியில் இருப்பது. செங்கல்லால் கட்டி, விறகு எரிப்பது. நல்லநாள் பெருநாளுக்குக் கேக் அடித்தால் தட்டோடு அங்கே கொடுத்து வேகவைத்து வாங்குவோம். வீட்டுக்கு வீடு போறணை இருக்கும் நாட்டுக்கு வந்த பிறகு ஒரு வருடம் நான் அதற்குள் சட்டிகளைத்தான் அடுக்கி வைத்திருந்தேன்.

இந்த நாட்டில் வெளியே எவ்வளவு குளிர் என்பதைச் செல்சியஸில் சொல்வார்கள், அடுப்பின் திருகியில் ஃபாரன்ஹைட் இருக்கும். 350 என்றால் 177 பாகை. ஊரிலிருந்து அக்கா அனுப்பிய குறிப்பில் 180 என்றிருக்க, நான் திருகியை 180இல் வைத்துவிட்டு மூன்று மணித்தியாலம் காத்திருந்தேன். கேக் இளஞ்சூட்டில் அப்படியே குழைந்து கிடந்தது.

பட்டர் கேக்குக்கு அம்மாவின் கணக்கு: ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, பத்து முட்டை. கனடாக் கடையில் பட்டர் கட்டி 454 கிராம், அதாவது சரியாக ஒரு இறாத்தல். அம்மாவின் கணக்கு மாறாமல் நிற்கும் ஒரே இடம் அதுதான். முட்டையில் மாறும். ஊர்க்கோழி முட்டை சிறிது. இங்கே ‘லார்ஜ்’ என்று விற்பது ஒவ்வொன்றும் 56 கிராமுக்குக் குறையாது. எட்டுப் போதும். மாவும் வேறு. இங்கத்தைய சாதாரண மாவில் புரதம் நூற்றுக்குப் பதின்மூன்று அளவில் இருக்கும். பாணுக்கு மெத்த நல்லது. கேக்குக்கு, ஒரு கோப்பை மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்தளவு சோளமா சேருங்கள். மா போட்ட பிறகு அடிக்கவேண்டாம், புரட்டினால் போதும். பட்டரையும் முட்டையையும் காலையிலேயே குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த முட்டை விழுந்தால் அடித்த பட்டர் திரைந்துபோகும்.

நிறுக்கும்போது மட்டும் கதை வேண்டாம். பின்னலைப்போல இதைக் கண் பாராமல் செய்யமுடியாது. அந்தப் பத்து நிமிடம் எல்லோரையும் வாய்மூடி இருக்கச் சொல்லுங்கள்.

6. பாண் மா குழைப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். இவர் ஒரு பாண் தொழிற்சாலையில் எட்டு வருடம் இரவு வேலை செய்தவர், அவர் சொல்லித்தந்தது: ஈஸ்டுக்குத் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில், 40 பாகை அளவில் இருக்கவேண்டும், 60ஐத் தொட்டால் செத்துவிடும். சூடாக்கி ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடப்பதால் மாவும் காய்ந்திருக்கும். கோடையில் ஊற்றியதைவிட ஒரு கரண்டி தண்ணீர் கூடக் கேட்கும். குசினி குளிராக இருந்தால், நெருப்பு மூட்டாத போறணைக்குள் வெறும் லைட்டைப் போட்டு, குழைத்த மாவை ஈரத்துணியால் மூடி வையுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகும். அந்த நேரத்துக்குள் கழுத்துத்துண்டில் ஒரு சாண் ஏறிவிடும். பிறகு உள்ளுக்கு மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் வைத்து முக்கோணமாக மடித்துச் சுடுங்கள். ஸ்னோவுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓடாத நாளில் மீன் பணிஸ் மணக்கும் வீட்டைவிட்டு எந்தப் பிள்ளையும் வெளியே போகக் கேட்காது.

7. றிச் கேக்கை டிசம்பரில் நினைத்தால் பிந்திவிட்டது. பிளம்ஸ், சுல்தானா, செரி, இஞ்சிப்பாகு, சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணி, கஜு எல்லாவற்றையும் நவம்பரிலேயே வெட்டிப் பிராந்தியில் ஊறவையுங்கள். வெட்டுவதற்கு ஆட்களைக் கூப்பிடுங்கள். தனியே இருந்து வெட்டினால் கைதான் உளையும். மாவுக்குப் பதில் வறுத்த றவை. தட்டுக்கு மூன்று நாலு மடிப்புத் தாள் போட்டு, 300 ஃபாரன்ஹைட்டில் இரண்டரை மணித்தியாலம் மெல்ல வேகட்டும். நத்தார் கொண்டாடாத வீடுதான் எங்களுடையது. ஆனால் எண்ணெய்த்தாளில் சுற்றிய றிச் கேக் துண்டு இல்லாமல் எங்கள் ஊரில் கலியாணமே நடக்காது. மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்பும் வீட்டிலும் அது இருக்கலாம்.

8. செம்மறி மயிர்க் கம்பளியைக் கொதிதண்ணீரில் போட்டுக் கசக்கினால், எழும்பி வருவது பொம்மைச் சட்டைதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அமுக்கி, துவாயில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும். இந்த வேலைக்குப் பயந்து எல்லோரும் அக்ரிலிக் வாங்குகிறார்கள், நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் கைக்கு மட்டும் அசல் கம்பளியில் பின்னுங்கள். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் கை நனைந்ததாகத் தெரியாது. நாலு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறைதான் சூடு. சின்னப் பிள்ளைகளுக்கு நீளக் கழுத்துத்துண்டு கட்டவேண்டாம். விளையாட்டுத்திடலில் சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும். வட்டமாகப் பின்னித் தலையால் மாட்டிவிடுங்கள்.

9. ஆம்பிளைப் பிள்ளைக்கும் ஊசி கொடுங்கள். இவர் அறுபத்தாறு வயதில் என்னிடம் கேட்டுப் பழகினார். என்னைவிட ஒழுங்காகப் பின்னினார் என்பதை அவர் இருக்கும்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

10. ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் கண்டவுடன் கூடையைக் கட்டிலுக்கடியில் தள்ளவேண்டாம். இன்னொரு ஸ்னோ நிச்சயம் வரும். மே மாதம் பிறக்கட்டும், அதற்குப் பிறகு நூலைக் கழுவிக் காயவைத்து, பூச்சி புகாத பெட்டியில் மூடுவோம். ஊசிகளை மட்டும் வெளியே விடுங்கள். அவருடைய ஊசியில் இருபத்திரண்டு வரிசையோடு ஒரு நீலத் துண்டு நிற்கிறது, அதை இந்த முறை மருமகள் பின்னட்டும்.