புதிய ராம் போட்டதும் கணினி ஓடவில்லையா?

 

வையம்பட்டிப் பகுதியில் நம் பிள்ளைகள் பலர் பயன்படுத்துவது, ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திய மேசைக் கணினியைத்தான். உதவித்தொகை விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. மெதுவாக ஓடுகிறதே என்று கூடுதல் ராம் வாங்கிப் போடுகிறோம். போட்டதும் திரையில் ஒன்றும் வருவதில்லை. “போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள்” என்று யாராவது சொன்னால், கடன் வாங்கவும் துணிந்து விடுகிறோம். பல நேரங்களில் போர்டும் நன்றாக இருக்கும், ராமும் நன்றாக இருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்காது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழியை இந்த இதழில் பார்ப்போம்.

எவையெல்லாம் பொருந்த வேண்டும்?

தலைமுறை: டிடிஆர் 2, 3, 4, 5 என ராமில் பல தலைமுறைகள் உண்டு. டிடிஆர் 3 ராமுக்கு 1.5 வோல்ட், டிடிஆர் 4 ராமுக்கு 1.2 வோல்ட் மின்சாரம் தேவை. ராமின் அடிப்பகுதியில் உள்ள வெட்டு, தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறியிருக்கும். ஸ்லாட்டில் உட்காரவில்லை என்றால் அழுத்தக் கூடாது. ராமும் போர்டும் சேர்ந்து கெட்டுவிடும். ராம் லேபிளில் பிசி3 என்று தொடங்கினால் அது டிடிஆர் 3. பிசி4 என்றால் டிடிஆர் 4.

வடிவம்: அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பழுதாகிக் கிடக்கிறது. அதன் ராமை மேசைக் கணினியில் போட முடியாது. மடிக்கணினிக்கான டிடிஆர் 3 ராமில் 204 பின்கள். மேசைக் கணினிக்கானதில் 240. சர்வர் கணினியிலிருந்து கழற்றி விற்கப்படும் ராமும் சாதாரண வீட்டுக் கணினியில் ஓடாது.

சிப்: பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஸ்லாட்டில் சரியாக உட்காரும், ஆனால் கணினி ஓடாது. பழைய இன்டெல் ஜி41 வகை டிடிஆர் 3 போர்டுகள், ஒரு சிப்புக்கு 256 எம்பி வரைதான் ஏற்கும். எனவே 4 ஜிபி ராமில் இருபுறமும் எட்டெட்டாக 16 சிப் இருக்க வேண்டும். 8 சிப் மட்டும் உள்ள 4 ஜிபி ராம் அதில் வேலை செய்யாது. குறைந்த விலையில் ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று விற்கப்படும் ராமும் இன்டெல் போர்டில் ஓடாது.

வேகம்: 1333, 1600 என இரு வேகங்களைக் கலந்து போட்டால், பொதுவாகக் குறைந்த வேகத்தில் இரண்டும் ஓடும். சில போர்டுகளில் அந்தக் கலப்பே கணினி அடிக்கடி நின்றுபோகக் காரணமாகலாம்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

1. கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்ட பிறகே ராமைத் தொடுங்கள்.

2. புதிய ராமை எடுத்துவிட்டு, பழைய ராமை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் போர்டு போகவில்லை என்று பொருள்.

3. ராமின் பொன்னிறப் பகுதியைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை நீக்குங்கள். இருபுறக் கிளிப்பும் ‘டக்’ என்று பூட்டும்வரை பொருத்துங்கள்.

4. புதிய ராமை மட்டும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் அது பொருந்தாத ராம் அல்லது பழுதான ராம். ஒரு ஸ்லாட்டில் மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு அந்த ஸ்லாட்டில்.

5. தனித்தனியாக ஓடி, சேர்த்தால் ஓடவில்லையா? பிளக் கழற்றிய நிலையில், போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பழைய அமைப்புகள் அழியும். பிறகு தேதி, நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகும் ஓடாவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாத ஜோடி.

6. ஓடினாலும் இடையில் நின்றுபோகிறது என்றால், விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். அந்தச் சோதனை ராமில் பிழை இருந்தால் காட்டும்.

8 ஜிபி போட்டும் மூன்று ஜிபிக்குச் சற்று மேல்தான் காட்டுகிறது என்றால், அது பெரும்பாலும் 32 பிட் விண்டோஸ். வீட்டில் பயன்படுத்தும் 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதற்கு இன்னொரு ராம் வாங்குவது வீண் செலவு. 64 பிட் விண்டோஸ் போட வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

மணப்பாறைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுமுன், பழைய ராமைத் தாளில் சுற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் அச்சிட்டுள்ள மாடல் எண்ணை போனில் படம் பிடியுங்கள். “4 ஜிபி ராம் கொடுங்கள்” என்று மட்டும் கேட்காமல், “இந்த போர்டுக்கு, இந்த ராமோடு சேர்ந்து ஓடும் ராம் வேண்டும், ஓடாவிட்டால் மாற்றித் தருவீர்களா?” என்று கேளுங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கும்போது ராம் மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விடுமுறை நாளில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, மேற்சொன்ன வரிசைப்படி செய்து பாருங்கள். புதிய கணினிக்கு என்று ஒதுக்கும் பணம், இன்ஷா அல்லாஹ், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு மிஞ்சட்டும்.