‘கூடும்’ என்னும் ஒரு சொல்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

செம்பாக்கம் ஏரிக்கு அருகில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே அறிவியல் தொடர்பாக எந்த ஐயம் எழுந்தாலும் அம்மா என்னைத்தான் கேட்பார்கள்.

கழிவுநீர் சேரும் ஏரிகளை ஒட்டிய கிணறுகளைப் பற்றிய ஓர் ஆங்கில ஆய்வுச் சுருக்கத்தை நூலகத்தில் படித்துவிட்டு வந்திருந்தேன். “ஏரித் தண்ணி கெட்டா நம்ம கிணறும் கெட்டுப் போகுமாடா?” என்று அம்மா கேட்டார்கள். “கெட்டுப் போகும்மா” என்றேன். மறுநாள் முதல் சமையலுக்கும் கேன் தண்ணீர்தான்.

ஒரு மாதம் கழித்து அதே சுருக்கத்தை மீண்டும் படித்தேன். ‘மாசடையும்’ என்று அதில் இல்லை. ‘மாசடையக்கூடும்’ என்றே இருந்தது. எங்கள் கிணற்றை எவரும் சோதித்ததுமில்லை. ஒரு சொல்லை நான் விழுங்கினேன். அதற்கு விலை கொடுத்தவர் அம்மா.

பெரியோரும் செய்யும் பிழை

நண்பர்களே! இப்பிழை என் ஒருவனுடையதன்று. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பெட்ராக் சம்னர் குழுவினர் 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் உடல்நலம் குறித்து வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை, அவற்றின் மூல ஆய்வுக் கட்டுரைகளோடு அவர்கள் ஒப்பிட்டனர்.

நூற்றுக்கு 40 குறிப்புகளில் அறிவுரை மிகைப்பட்டிருந்தது. 33-இல், ‘இரண்டும் சேர்ந்து காணப்பட்டன’ என்பது ‘ஒன்றால் மற்றது விளைந்தது’ என மாறியிருந்தது. 36-இல், விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் ஏற்றிச் சொல்லியிருந்தனர். குறிப்பில் அறிவுரை மிகையாக இருந்தபோது, அதையொட்டி வந்த செய்திகளில் நூற்றுக்கு 58 மிகைப்பட்டிருந்தன. குறிப்பு அளவோடு இருந்தபோது 17 மட்டுமே.

செய்தியாளரையே குறை கூறுகிறோம். ஆனால் கலங்கல் ஊற்றிலேயே தொடங்கியிருக்கக்கூடும். ‘கூடும்’ என்றே எழுதுகிறேன். ஏனெனில் இவ்வாய்வு தொடர்பைக் காட்டியதேயன்றி, குறிப்புதான் காரணம் என்று நிறுவவில்லை.

நமது கடமை

ஆய்வாளரே தம் ஆய்வை எளிமையாக எழுதவேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டிலும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்கான கட்டுரையாக எழுதுவதற்கென, 2018-இல் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘அவ்சர்’ என்னும் போட்டியைத் தொடங்கியது. அப்போது முதற்பரிசு ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது. தமிழிலோ அதற்கு நெடுநாள் முன்பே வழி காட்டியவர் பெ.நா. அப்புசாமி. தொழிலால் வழக்கறிஞரான அவர், 1986-இல் மறையும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலைத் தமிழில் எழுதினார்.

நாளை நம்மில் சிலர் ஆய்வாளராவோம். எளிய சுருக்கம் எழுதும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தருவோம்: எதை, எத்தனை இடங்களில் சோதித்தார்கள்? என்ன கண்டார்கள்? எதைச் சொல்லவில்லை? மூன்றாவது விடையைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம். கடினமான சொல்லை எளிதாக்கலாம், ஐயத்தை உறுதியாக்கலாகாது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “அப்போ கெடலைன்னும் சொல்ல முடியாதா?” என்றார்கள். “சோதிச்சாத்தான் தெரியும்மா.” சற்று யோசித்துவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்கள்.

அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்து நான் மறைத்த வரி, அவர்களுக்கு எளிதாகவே விளங்கிவிட்டது. கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுக்க ஒரு புட்டியைக் கழுவி வைத்திருக்கிறோம்.