கழுத்தில் நசுங்கும் நரம்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

யட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலைக்கயிறு வழியே கழுத்துதான் தாங்குகிறது. ரப்பர் மலையில் பால் வெட்டுபவரும் மரத்துக்கு மரம் கழுத்தை வளைக்கிறார். கழுத்தில் பிடித்துக் கைவரை இறங்கும் வலி லயங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குச் சொல்லப்படும் காரணமும் வைத்தியமும்தான் பல நேரம் பிழை.

நம்பிக்கை: கை மரத்தால் கோளாறு கையில்தான். அது வாயுப்பிடிப்பு.

உண்மை: கழுத்தெலும்புகள் 7. அங்கிருந்து 8 சோடி நரம்புகள் கிளம்புகின்றன. எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கினாலோ, வயதோடு எலும்பு முள்போல் வளர்ந்தாலோ, நரம்பின் வேர் நசுங்கும். 6ஆம் நரம்பென்றால் பெருவிரல் மரக்கும். 7 என்றால் நடுவிரல். 8 என்றால் சின்னவிரல். மணிக்கட்டில் நரம்பு நசுங்கினாலும் விரல் மரக்கும் என்பதால், வைத்தியர் பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

நம்பிக்கை: கழுத்தைத் திருகி நெட்டி முறித்தால் நரம்பு இடத்துக்கு வந்துவிடும்.

உண்மை: நரம்பு எங்கும் விலகிப் போகவில்லை. எண்ணெயை இதமாகத் தடவலாம். சடாரென்று திருகினால் வட்டு மேலும் பிதுங்கலாம். அரிதாக, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமும் வரலாம்.

நம்பிக்கை: கழுத்துப்பட்டி போட்டுப் படுத்தே கிடக்க வேண்டும். கடைசியில் ஒப்பரேஷன்தான்.

உண்மை: பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் ஒப்பரேஷன் இல்லாமலே குணம் தெரியும். பட்டியைப் பல வாரங்கள் போட்டால் தசை தளரும். பாரத்தைக் குறைத்து, நடமாடி, பிசியோதெரபியில் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்வதே வழி. கடையில் வாங்கும் வலி மாத்திரையை நாட்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

நம்பிக்கை: எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

உண்மை: எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். நரம்பையும் வட்டையும் காட்டுவது எம்.ஆர்.ஐ.; அதுவும் எல்லோருக்கும் தேவைப்படாது.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கையில் பலம் குறைவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, வலியோடு காய்ச்சல், விழுந்த பின் வந்த வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட மருந்தகத்தோடு நிற்காமல் இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளுக்குப் போங்கள். இடது கை வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.