நகரச் சட்டமும் மேயரின் மறுப்பு அதிகாரமும்

குட்வில் எஸ்டேட் பகுதி அன்பர் ஒருவர் கேட்டார்: “அமெரிக்காவில் மேயர் ‘வேண்டாம்’ என்றால் நகரச் சட்டம் நின்றுவிடுமாம். நம் நகராட்சித் தலைவருக்கும் அந்த அதிகாரம் உண்டா?” பலருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பம். அமெரிக்க நகரமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டத்தை அங்கே ‘ஆர்டினன்ஸ்’ என்கிறார்கள். நம் நாட்டில் அச்சொல் அவசரச் சட்டத்தைக் குறிக்கும். சட்டமன்றம் கூடாதபோது ஆளுநர் பிறப்பிப்பது அது; 2017 ஜனவரியில் வந்த ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் ஓர் உதாரணம். நகராட்சி இயற்றுவதற்கு நம்மிடம் ‘துணைவிதி’ என்று பெயர்.

நியூயார்க்கில் நடப்பது

நியூயார்க் நகரமன்றத்தில் 51 உறுப்பினர்கள். மன்றம் நிறைவேற்றியதை மேயர் 30 நாட்களுக்குள் மறுக்கலாம். அவர் சும்மா இருந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும். மறுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 34 பேர், மறுபடி ஆதரித்தால் மறுப்பு செல்லாது. காவலர்கள் பொதுமக்களை விசாரிப்பதைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டத்தை மேயர் எரிக் ஆடம்ஸ் 2024 ஜனவரியில் மறுத்தார். அம்மாத இறுதியிலேயே மன்றம் 42க்கு 9 என்ற வாக்கில் அதை நிறைவேற்றியது. கடைசிச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமே இருந்தது.

நம் தீவில் நடப்பது

அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. அரசியலமைப்பின் 240ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரே இத்தீவுகளுக்கு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றலாம். 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், 1994ஆம் ஆண்டின் நகராட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகராட்சி மன்றம் அதன்படியே நடக்கிறது. 2022 தேர்தல் 24 வார்டுகளுக்கு நடந்தது.

வீடு கட்டுவது, குப்பை அகற்றுவது போன்றவற்றுக்குத் துணைவிதி இயற்றுவது மன்றம். ஆனால் அது செல்லுபடியாக நிர்வாகத்தின் ஒப்புதலும் அரசிதழ் வெளியீடும் வேண்டும். தலைவர் கூட்டத்தை நடத்துவார். மன்றத்தின் முடிவைத் தம் ஒரு கையெழுத்தால் நிறுத்தும் மறுப்பு அதிகாரம் அவருக்கு இல்லை. தமிழ்நாட்டு மேயர்களுக்கும் இல்லை. அங்கே மன்றத் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ மாநில அரசுக்கே அதிகாரம்.

ரயில்வேயில் நாங்கள் ‘லைன் கிளியர்’ என்போம். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் சம்மதம் தராமல் இந்த ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை அனுப்ப முடியாது. துணைவிதியும் அப்படித்தான். புறப்படும் இடம் மன்றம். லைன் கிளியர் தருவது துணைநிலை ஆளுநரின் நிர்வாகம். நியூயார்க் மன்றம்போல் 34 கை தூக்கி அதை மீற இங்கே வழியில்லை.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் நம் சொல் எங்கே எடுபடும்? வண்டி புறப்படுமுன்தான். விதியின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டால், அந்த நாட்களே நமக்கு வாய்ப்பு. அறிவிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் நம் குடும்பங்கள் பல அதைப் படிப்பதில்லை. பிறகு நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போது, “எங்களை யாரும் கேட்கவில்லையே” என்று வருந்திப் பயனில்லை.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள்:

1. உங்கள் வாக்கு நகராட்சி வார்டிலா, கிராமப் பஞ்சாயத்திலா என்று வாக்காளர் பட்டியலில் பாருங்கள். பஞ்சாயத்து என்றால் கவுன்சிலரிடம் போய்ப் பயனில்லை, பிரதானைத்தான் பார்க்கவேண்டும்.

2. அறிவிப்பு வந்தால் பள்ளியில் படிக்கும் பிள்ளையை வீட்டாருக்குத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

3. ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். எந்த விதி, என்ன பாதிப்பு, என்ன மாற்றம் வேண்டும் என்று மூன்றே வரி போதும். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்; வாய்ச்சொல்லுக்குக் கோப்பில் இடமில்லை.

தெருவில் பத்து வீட்டார் தனித்தனியே கொடுத்தால் கோப்பில் பத்து மனுக்கள் இருக்கும். நம் தலைவருக்கு மறுப்பு அதிகாரம் இல்லை என்பதால், அந்தப் பத்து மனுக்களும் அதிகம் தேவைப்படுகின்றன.